அமெரிக்கக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? ஆவணம், செலவு, காலம்

அமெரிக்க மருமகளோ மருமகனோ உள்ள தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. பேரப்பிள்ளைகளின் குடும்ப மரத்தில் நம் பக்கக் கிளையை ஊரில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டு ஓரளவு நிரப்பிவிடலாம். மறுபக்கக் கிளையைக் கேட்டால், "கொள்ளுத்தாத்தா கான்சாஸிலிருந்து வந்தாராம், அதற்கு முன்னால் மிசூரியாக இருக்கலாம்" என்ற அளவோடு பேச்சு நின்றுவிடும். என் கணவரின் அம்மா வழியில் எனக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் தொடங்கி கான்சாஸ், மிசூரி, கென்டக்கி, வர்ஜீனியா என்று பின்னோக்கிப் போய்ச் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் அமெரிக்க நிர்வாக முறை வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்து எழுதப்பட்டவை. அது தெரியாமல் நுழைகிறவர் எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் இருக்கும் என்று கண்டுபிடிப்பதிலேயே களைத்துப்போவார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறைக்கு ஒரு படி. "எங்கள் முன்னோர் மேஃபிளவர் கப்பலில் வந்தார்கள்" என்று யாராவது சொன்னதை நம்பி 1620-லிருந்து முன்னோக்கி வரத் தொடங்கினால், அதே குடும்பப் பெயருள்ள வேறு யாருடைய தாத்தாவையோ உங்கள் மரத்தில் ஒட்டிவிட்டு முடிப்பீர்கள்.

1. முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

பணம் செலவழிக்கும் முன் குடும்பத்தில் மிக வயதானவரிடம் பேசுங்கள். பெயர்களைவிட இடங்களைக் கேளுங்கள். எந்த ஊர்ச் சர்ச், எந்தக் கல்லறைத் தோட்டம், பண்ணை எந்த ஊருக்குப் பக்கத்தில், யாருடைய திருமணத்துக்கு ரயிலில் போனார்கள் என்று கேட்டால் நினைவு வரும். அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்யுங்கள்.

அப்புறம் வீட்டு பைபிள். பழைய குடும்ப பைபிள்களில் நடுப்பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் வழக்கம் இருந்தது. அந்தப் பக்கங்களோடு பைபிள் அச்சான ஆண்டு இருக்கும் முதல் பக்கத்தையும் படம் எடுங்கள். 1880-இல் அச்சான பைபிளில் 1820-இல் நடந்த பிறப்பு எழுதியிருந்தால், அது பின்னால் நினைவிலிருந்து எழுதியது என்று புரிந்துகொள்ளலாம். பழைய கடித உறைகளைத் தூக்கிப் போட விடாதீர்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும்.

2. கவுண்டி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் திருமணம், நிலம், உயில், வரி, வழக்கு எல்லாம் பெரும்பாலும் கவுண்டி அளவில் பதிவானவை. மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு இது. "மிசூரியில் இருந்தார்" என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கவுண்டி என்று தெரிந்த பிறகுதான் தேட ஒரு கதவு கிடைக்கும். வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களில் மட்டும் பல பதிவுகள் டவுன் அளவில் இருக்கும்.

இதில் ஒரு பெரிய பொறி. கவுண்டி எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு குடும்பம் அதே பண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, எல்லை மாறியதால் பதிவுகள் இரண்டு மூன்று கவுண்டிகளில் சிதறியிருக்கும். கென்டக்கி 1792-இல் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்தது. மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது 1863-இல். காகிதத்தைப் பார்த்தால் இடம் பெயர்ந்தது போலத் தெரியும், உண்மையில் பெயர்ந்தது எல்லைக்கோடு. சிகாகோவின் நியூபெரி நூலகம் வெளியிட்ட பழைய கவுண்டி எல்லைகளின் வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசம். ஒவ்வொரு பதிவையும் தேடும் முன், அந்தத் தேதியில் அந்த இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று அதில் பாருங்கள்.

நீதிமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்த கவுண்டிகளும் உண்டு, தென் மாநிலங்களில் அதிகம். "எல்லாம் எரிந்துவிட்டது" என்று கேட்டதும் கைவிடாதீர்கள். எரிந்த பிறகு மக்கள் தங்கள் பத்திரங்களைக் கொண்டு வந்து மறுபடி பதிவு செய்வது வழக்கம். மாநில அளவில் போன நகல்களும் தப்பியிருக்கும்.

3. சென்சஸை 1950-லிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

இதுதான் முதுகெலும்பு. 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மத்திய அரசின் கணக்கெடுப்பு நடக்கிறது. 72 ஆண்டுகள் கழித்துத்தான் பெயர்ப் பட்டியலைப் பொதுவில் வெளியிடுவார்கள். 1950-இன் பட்டியல் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானது, 1960-இன் பட்டியல் 2032-இல் வரும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் இவற்றைப் பெயர் வைத்துத் தேடலாம். இது மோர்மன் சபை நடத்தும் தளம். எந்த மதத்தவர் என்றாலும் கட்டணம் இல்லை.

ஒவ்வொரு ஆண்டின் படிவத்திலும் கேள்விகள் மாறின. எந்த ஆண்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நேரம் மிச்சம்.

1940 படிவத்தில் 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே குடியிருந்தார் என்ற கேள்வி இருக்கிறது. வறட்சிக் காலத்தில் கான்சாஸ், ஓக்லஹோமா பக்கத்திலிருந்து கலிபோர்னியா போன குடும்பங்களுக்கு இந்த ஒரு கட்டமே பாதி வேலையை முடித்துவிடும். தகவல் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறியும் இருக்கும். யார் சொன்ன தகவல் என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்றும் தெரியும்.

1910 படிவத்தில், வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் போரிட்டவர் என்ற கட்டம் உண்டு. அது நிரம்பியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், 7-ஆம் படியில் உதவும். 1900 படிவம் எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, அந்தத் தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை என்று எல்லாம் இருக்கும். "ஒன்பது, ஐந்து" என்று எழுதியிருந்தால் வேறு எந்தப் பட்டியலிலும் வராத நான்கு பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்தில் தேட வேண்டும்.

1890 பட்டியல் கிட்டத்தட்ட முழுவதும் இல்லை. 1921-இல் வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயிலும் அதை அணைக்கப் பாய்ச்சிய நீரிலும் சேதமாகி, பின்னர் அழிக்கப்பட்டது. எனவே 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது ஆண்டுப் பள்ளம். அதை மாநில சென்சஸ், வரிப் பட்டியல், நகர முகவரிப் புத்தகங்களால் நிரப்ப வேண்டும்.

1880-இல்தான் முதன்முதலாக ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்றும், ஒவ்வொருவரின் தாய் தந்தையும் எந்த மாநிலத்தில் பிறந்தவர்கள் என்றும் எழுதினார்கள். 1850, 1860, 1870-இல் பெயர், வயது, பிறந்த மாநிலம் உண்டு, உறவு இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்றும் குழந்தைகள் எல்லாரையும் அவள் பெற்றவர்கள் என்றும் முடிவு கட்டாதீர்கள். இரண்டாம் மனைவியாக இருக்கலாம், விதவைத் தங்கையாகவும் இருக்கலாம். 1840-க்கும் அதற்கு முன்பும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை.

தேடும்போது பெயர் கிடைக்கவில்லை என்றால், அந்த ஆள் அங்கே இல்லை என்று பொருளல்ல. கணக்கெடுப்பவர் காதில் விழுந்தபடி எழுதினார், அதை இன்று ஒருவர் கண்ணில் பட்டபடி தட்டச்சு செய்திருக்கிறார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த மாநிலம், கவுண்டி மட்டும் கொடுத்துத் தேடுங்கள். வீட்டில் அரிதான பெயருள்ள பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைத் தேடுங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் அந்தப் பகுதியின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். கிராமப்புறப் பகுதிகளில் இது ஒரு மாலை நேர வேலைதான்.

வயது ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம். 1900-இல் ஜூன் 1, 1910-இல் ஏப்ரல் 15, 1920-இல் ஜனவரி 1 என்று கணக்கு நாளே மாறியது. எந்தப் பக்கத்தைச் சேமித்தாலும் முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். அக்கம்பக்கத்தார் யார் என்பது பின்னால் தேவைப்படும்.

4. பிள்ளைகள் பிறந்த மாநிலங்களை வரிசையாக எழுதுங்கள்

இடம்பெயர்ந்த பாதை இங்கேதான் வெளிப்படும். 1880-இல் கான்சாஸில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூத்த பிள்ளைக்கு 14 வயது, பிறந்தது கென்டக்கி. அடுத்தது 11, மிசூரி. மூன்றாவது 7, மிசூரி. கடைசி 3, கான்சாஸ். அப்படியானால் 1866-க்கும் 1869-க்கும் நடுவே கென்டக்கியை விட்டார்கள், 1873-க்கும் 1877-க்கும் நடுவே கான்சாஸ் வந்தார்கள். 1870 சென்சஸில் மிசூரியில் தேட வேண்டும், 1860-இல் கென்டக்கியில்.

இடைவெளியை இன்னும் குறுக்க மாநில சென்சஸ் உதவும். கான்சாஸ் தன் சொந்தக் கணக்கெடுப்பை 1925 வரை நடத்தியது. 1875 முதல் அதில் "எங்கிருந்து கான்சாஸுக்கு வந்தீர்கள்" என்றே ஒரு கட்டம். பிறந்த மாநிலம் வேறு, கடைசியாக இருந்த மாநிலம் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டும் பதிவுகள் அதிகம் இல்லை, இது அவற்றில் ஒன்று. அயோவாவின் 1925 கணக்கெடுப்பில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரே இருக்கும். எல்லா மாநிலங்களும் இப்படி நடத்தவில்லை. உங்கள் மாநிலத்தின் ஆவணக் காப்பகத் தளத்தில் என்னென்ன ஆண்டுகள் உண்டு என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தனியாக யாரும் வண்டி கட்டவில்லை. அண்ணன் தம்பி, மனைவியின் வீட்டார், சர்ச் நண்பர்கள் என்று கூட்டமாகத்தான் போனார்கள். உங்கள் ஆளின் சொந்த ஊர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் இருக்கலாம். 1870-இல் பக்கத்து வீட்டிலும் 1880-இல் மறுபடி பக்கத்து வீட்டிலும் இருந்தவருடைய மரண அறிவித்தலில் அந்த ஊர் எழுதியிருக்கும். நேர்க்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கூடப்பிறந்தவர்களை விட்டுவிடுகிறவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

5. இறப்புச் சான்றிதழும் மரண அறிவித்தலும்

பெரும்பாலான மாநிலங்களில் மாநில அளவிலான பிறப்பு இறப்புப் பதிவு 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் வந்தது. மிசூரியில் 1910, கான்சாஸிலும் கென்டக்கியிலும் 1911. மாசசூசெட்ஸ் மாநிலம் 1841-லிருந்தே வைத்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் பதிவு தொடங்கிய ஆண்டுக்கு முந்தைய பிறப்புக்குச் சான்றிதழ் கேட்டு எழுதிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இறப்புச் சான்றிதழில் தாய் தந்தை பெயரும் அவர்கள் பிறந்த இடமும் இருக்கும் என்பதால், 1840-இல் பிறந்து 1915-இல் இறந்தவரின் சான்றிதழ் உங்களை 1810-க்கே கொண்டு போகும். ஆனால் இறந்த தேதியை மட்டும் உறுதியாக நம்புங்கள். பெற்றோர் விவரம் துக்கத்தில் இருந்த மருமகனோ பேத்தியோ சொன்னது. தகவல் தந்தவர் பெயரும் அதே தாளில் இருக்கிறது, பாருங்கள்.

பொதுவாக ஒரு நகலுக்கு 10 முதல் 30 டாலர். அண்மைக்காலப் பதிவுகளை நெருங்கிய உறவினருக்கு மட்டும் தருவார்கள், டெக்ஸாஸில் இறப்புக்கு 25 ஆண்டு, பிறப்புக்கு 75 ஆண்டு கழிந்தால்தான் பொதுப் பதிவு. பணம் கட்டும் முன் மாநிலக் காப்பகத்தின் தளத்தைப் பாருங்கள். மிசூரி மாநிலம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட இறப்புச் சான்றிதழ்களின் படங்களை இலவசமாகவே போட்டிருக்கிறது.

மரண அறிவித்தலுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்லிங் அமெரிக்கா நாளிதழ்த் தொகுப்பு இலவசம். கல்லறைக்கு ஃபைண்ட் எ கிரேவ் தளம். அங்கே கல்லின் படம் இல்லையென்றால் கேளுங்கள், உள்ளூர்த் தன்னார்வலர் யாராவது போய் எடுத்துப் போடுவார். கல்லில் இருப்பதை நம்பலாம், கீழே மற்றவர்கள் எழுதிச் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பை ஆதாரம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

6. நிலப் பதிவுகள்: பலர் தொடாமல் விடும் புதையல்

சென்சஸ் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த படம். நடுவே எந்த ஆண்டில் கிளம்பினார்கள் என்பதைச் சொல்வது நிலம்.

இரண்டு வகைப் பதிவுகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். முதலாவது, அரசு தனி ஒருவருக்கு முதன்முதலாக நிலம் கொடுத்த பட்டா. ஓஹாயோ, மிசூரி, கான்சாஸ், கலிபோர்னியா உள்ளிட்ட 30 மாநிலங்களில் மத்திய அரசே நிலம் வழங்கியது. அந்தப் பட்டாக்களின் படங்கள் பி.எல்.எம். எனப்படும் மத்திய நில நிர்வாகத் துறையின் தளத்தில் இலவசம். மாநிலமும் பெயரும் கொடுத்தால் போதும். ஆதிக் குடியேற்ற மாநிலங்கள், கென்டக்கி, டென்னஸி, டெக்ஸாஸ் போன்றவற்றில் மாநிலமே நிலம் கொடுத்தது, அதனால் அந்தந்த மாநிலக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் மத்தியத் தளத்தில் கென்டக்கியைத் தேடி ஏமாறாதீர்கள்.

பட்டா ஒரே ஒரு தாள். அதற்குப் பின்னால் உள்ள கோப்புதான் பெரியது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை கிடைக்கும். அப்படிக் குடியிருந்ததை நிரூபிக்க வீட்டின் அளவு, என்ன பயிர், குடும்பத்தில் எத்தனை பேர், எந்த நாளில் வந்து தங்கினார் என்றெல்லாம் எழுதிக்கொடுத்து, இரண்டு அயலார் சாட்சி சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவராக இருந்தால் குடியுரிமைக் காகிதத்தின் நகலும் அதிலேயே இருக்கும். இந்தக் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. படிவம் 84, கட்டணம் 50 டாலர். பட்டாவில் உள்ள எண்களை, அதாவது செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், நில அலுவலகத்தின் பெயர், பட்டா எண் ஆகியவற்றை அப்படியே எழுதிக் கேட்டால்தான் சரியான கோப்பு வரும்.

இரண்டாவது, கவுண்டியில் பதிவான கிரயப் பத்திரங்கள். விற்றவர் பெயருக்கு ஓர் அகரவரிசை, வாங்கியவர் பெயருக்கு ஓர் அகரவரிசை என்று இரண்டு குறியேடுகள். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். குடும்பம் வந்ததும் ஒரு கிரயம், கிளம்பும் முன் ஒரு கிரயம். கடைசி விற்பனையின் தேதியே அவர்கள் கிளம்பிய காலம். கிளம்பிய பிறகு விற்றிருந்தால் இன்னும் நல்லது. "மிசூரி மாநிலம் இன்ன கவுண்டியைச் சேர்ந்த இன்னார்" என்று புதிய ஊர் பத்திரத்திலேயே இருக்கும். மனைவிக்கு நிலத்தில் உரிமை இருந்ததால் அவள் சம்மதமும் பெயரும் பதிவாகியிருக்கும். 1850-க்கு முந்தைய பெண்களின் பெயர் கிடைக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

தந்தை இறந்ததும் சொத்தைப் பிரித்த கோப்பையும் கேளுங்கள். உயில் புத்தகத்தில் உள்ள நகல் மட்டும் போதாது. கட்டாக வைத்திருக்கும் உதிரிக் காகிதங்களில்தான் வாரிசுகள் ஒவ்வொருவரும் அன்று எந்த மாநிலத்தில் இருந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும்.

இவற்றைப் பார்க்க நேரில் போக வேண்டியதில்லை, பெரும்பாலும். ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயர்த் தேடலை விட்டுவிட்டு, கேட்டலாக் பகுதியில் கவுண்டியின் பெயரைக் கொடுங்கள். பெயர் வாரியாகக் குறியிடப்படாத புத்தகங்கள் படங்களாகக் கிடக்கும். 2024 முதல் கையெழுத்தைக் கணினியே படித்து, பத்திரங்களிலும் உயில்களிலும் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தேடும் வசதி வந்திருக்கிறது. சாட்சியாகவோ பக்கத்து நிலத்துக்காரராகவோ வந்த பெயர்கூடச் சிக்கும். சில படங்கள் வீட்டுக் கணினியில் திறக்காது, ஃபேமிலிசர்ச் மையத்திலோ அதனுடன் இணைந்த பொது நூலகத்திலோ போய்ப் பார்க்க வேண்டும்.

கவுண்டி அலுவலகத்துக்கு எழுதுவதாக இருந்தால் ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். பெயர், ஆண்டு, புத்தக எண், பக்க எண். "இந்தக் குடும்பத்தைப் பற்றி இருப்பதெல்லாம் அனுப்புங்கள்" என்ற கடிதம் அப்படியே கிடக்கும். ஓர் அலுவலகத்திலிருந்து நீண்ட நாள் கழித்து "இங்கே அப்படி ஒன்றும் இல்லை" என்று எனக்குப் பதில் வந்தது. அந்தப் பழைய புத்தகங்கள் எப்போதோ மாநிலக் காப்பகத்துக்குப் போய்விட்டிருந்தன, அங்கே கேட்டதும் கிடைத்தது. இல்லை என்று பதில் வந்தால், பழைய தொகுதிகள் எங்கே மாற்றப்பட்டன என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

7. ராணுவ ஓய்வூதியக் கோப்பு

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஓய்வூதியம் கேட்டவர், அல்லது அவர் விதவை, திருமணம் எங்கே நடந்தது, பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள், போருக்குப் பின் எங்கெங்கே குடியிருந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அயலாரும் உறவினரும் கொடுத்த வாக்குமூலங்கள் கோப்பில் இருக்கும். ஒரு குடும்பத்தின் பயணம் அவர்கள் சொந்த வாயால் சொன்னபடி கிடைக்கும் இடம் இது. தேசிய ஆவணக் காப்பகத்தில் படிவம் 85, முழுக் கோப்புக்கு 80 டாலர், 100 பக்கம் வரை. முதலில் இலவசக் குறியேட்டில் அவருக்கு ஓய்வூதிய எண் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கேளுங்கள்.

தெற்குப் படையினருக்கு மத்திய அரசு கொடுக்கவில்லை, பின்னாளில் மாநிலங்கள் கொடுத்தன. போரிட்ட மாநிலத்தில் தேடாமல், முதுமையில் குடியிருந்து விண்ணப்பித்த மாநிலத்தில் தேடுங்கள். 20-ஆம் நூற்றாண்டு வீரர்களைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பிடித்த தீயில் 1912 முதல் 1960 வரை பணி முடித்த தரைப்படையினர் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. அவர்களுக்கு முதல், இரண்டாம் உலகப் போர்க் கால ஆள்சேர்ப்பு அட்டைகளைப் பாருங்கள், போருக்கே போகாதவர்களுக்கும் உண்டு.

8. 1850-க்கு முன்னால்

இங்கே வேகம் குறையும். வர்ஜீனியா, கென்டக்கி இரண்டுக்கும் 1790 சென்சஸ் இல்லை, 1800-உம் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதில் வரிப் பட்டியல்கள். வர்ஜீனியாவில் 1782 முதல், கென்டக்கியில் 1792 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் உண்டு. ஒரு பெயர் முதலில் தோன்றும் ஆண்டு, காணாமல் போகும் ஆண்டு இரண்டையும் குறியுங்கள். ஒரு மகனின் பெயர் புதிதாகச் சேர்ந்தால் அவன் வயதுக்கு வந்த காலம் அது.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமாக இருந்தால் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகும்போது கொடுத்த மாற்றுச் சான்றிதழ்கள் பதிவாகியிருக்கும். புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தேதி, குடும்பத்தார் பெயர் எல்லாம் ஒரே பதிவில். பாப்டிஸ்ட் சபைகளிலும் விலகல் கடிதங்கள் உண்டு.

பழைய பதிவுகளில் சீனியர், ஜூனியர் என்றால் அப்பா மகன் என்று எடுக்காதீர்கள். அந்த ஊரில் அதே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்று மட்டும்தான் பொருள், உறவே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு ஜான்களைப் பிரிக்க நிலத்தின் எல்லை, மனைவி பெயர், சாட்சி கையெழுத்து ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிடுங்கள்.

"பாட்டி செரோக்கி இனத்தவர்" என்ற கதை ஏராளமான வீடுகளில் உண்டு. டாஸ் பட்டியல் போன்ற பழங்குடிப் பதிவுகளில் பெயர் கிடைக்கும் வரை அதைக் கதையாகவே குறித்து வையுங்கள்.

9. கடல் கடந்து வந்தவரை எட்டும்போது

கப்பல் பட்டியலுக்கு அவசரப்படாதீர்கள். முதலில் குடியுரிமைக் காகிதம். 1906 செப்டம்பர் 27-க்கு முன் நடவடிக்கைகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் எந்த நீதிமன்றத்திலும் குடியுரிமை பெறலாம், அதனால் அந்தந்தக் கவுண்டி, மாநிலக் காப்பகத்தில் தேடுங்கள், அதில் விவரமும் குறைவு. அந்தத் தேதிக்குப் பின் பிறந்த ஊர், கப்பலின் பெயர், வந்த நாள் எல்லாம் இருக்கும். நகல் மத்தியக் குடியேற்றத் துறையிடம் உண்டு. இணையவழியில் குறியேட்டுத் தேடலுக்கு 30 டாலர், கோப்புக்கு 30 டாலர், தாளில் விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் 80. எனவே இணையத்திலேயே விண்ணப்பியுங்கள். மனைவியைத் தனியாகத் தேட வேண்டாம், 1922 வரை கணவரின் குடியுரிமையே மனைவிக்கும்.

நியூயார்க் வழியாக வந்தவர்களின் பட்டியலை எல்லிஸ் தீவு அறக்கட்டளையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். பட்டியல் எழுதப்பட்டது கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில். அதனால் பழைய நாட்டு எழுத்துக்கூட்டலிலேயே தேடுங்கள்.

10. கறுப்பினக் குடும்பம் என்றால்

வழி வேறு, அதனால் தனியாகச் சொல்கிறேன். 1910-லிருந்து 1970 வரை ஏறக்குறைய அறுபது லட்சம் பேர் தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். சிகாகோவிலோ டெட்ராய்டிலோ உள்ள குடும்பத்துக்கு, தெற்கில் எந்தக் கவுண்டி என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. 1936 முதல் நிரப்பப்பட்ட சமூகப் பாதுகாப்பு எண் விண்ணப்பம் மிக உதவும். பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் அவரே எழுதியது.

1870 சென்சஸில்தான் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக வருகிறது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமை கொண்டாடியவரின் பெயர்தான் இருக்கும், அடிமைகளாக இருந்த மனிதர்களுக்கு வயது, பாலினம், நிறம் மட்டும். அந்தச் சுவரைத் தாண்ட விடுதலை பெற்றவர்களுக்கு உதவ மத்திய அரசு அமைத்து, 1865 முதல் 1872 வரை இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்கள், திருமணப் பதிவுகள், மற்றும் 1865 முதல் 1874 வரை இருந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளைப் பாருங்கள். வங்கிப் பதிவேட்டில் பல பக்கங்களில் பிறந்த இடம், வளர்ந்த இடம், பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் இருக்கும். விற்று எங்கோ அனுப்பப்பட்ட தம்பியின் பெயரை அக்கா அங்கே சொல்லியிருப்பாள். இவை ஃபேமிலிசர்ச்சில் இலவசம். அதன்பின் உரிமை கொண்டாடிய குடும்பத்தின் உயில், சொத்துக் கணக்கு, பத்திரங்களைப் படிக்க வேண்டும். படிக்க மனம் கனக்கும். ஆனால் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.

11. டிஎன்ஏ சோதனை

கடைசியில் செய்யுங்கள், ஆனால் வயதானவர்களுக்கு மட்டும் உடனே. பாட்டியின் மாதிரி பேத்தியின் மாதிரியைவிட இரண்டு தலைமுறை ஆழம் காட்டும். பெட்டியின் விலை 100 டாலரை ஒட்டி, பண்டிகைக் காலத் தள்ளுபடியில் பாதியளவு வரை இறங்கும். முடிவு வர ஒன்றரை இரண்டு மாதம். எந்த நாட்டு ரத்தம் எத்தனை விழுக்காடு என்ற வட்டப் படத்தால் பூர்வீகத் தேடலுக்கு அதிகப் பயனில்லை. உறவுப் பொருத்தப் பட்டியல்தான் வேலை செய்யும். இரண்டாம் மூன்றாம் தலைமுறைச் சொந்தக்காரர் ஒருவர் கிடைத்து, அவர் வீட்டு பைபிள் உங்களுக்கு வரலாம். யாரும் எதிர்பாராத தகப்பன் பெயரும் வரலாம். மாதிரி கொடுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, முழுச் சம்மதத்தோடு எடுங்கள்.

12. பணத்தையும் காலத்தையும் எப்படித் திட்டமிடுவது

ஆன்செஸ்ட்ரி போன்ற கட்டணத் தளத்துக்கு மாதம் சுமார் 25 டாலரும் அதற்கு மேலும் ஆகும். 14 நாள் இலவசச் சோதனைக் காலம் உண்டு, முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், தானாகவே பணம் எடுத்துவிடும். அதைத் தொடங்கும் முன் 1 முதல் 6 வரையிலான படிகளில் இலவசமாகச் செய்யக்கூடியவற்றை முடித்து, கிடைக்காதவற்றின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். பல பொது நூலகங்களில் அதே ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பு இலவசம், நூலக அட்டை இருந்தால் ஹெரிடேஜ்குவெஸ்ட் என்ற ஆவணத் தளம் வீட்டிலிருந்தே திறக்கும்.

கட்டணத் தளம் இலைக்குறி காட்டி "இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்" என்று நீட்டும் மரங்களைச் சொடுக்கிச் சேர்க்காதீர்கள். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். நூறு மரத்தில் இருப்பதால் அது ஆதாரம் ஆகாது. ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஆவணம், எந்தக் கவுண்டி, எந்தப் பக்கம், எந்த நாளில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். தேடி ஒன்றும் கிடைக்காததையும் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே புத்தகத்தை மறுபடி புரட்டுவீர்கள்.

இங்கே சொன்ன கட்டணங்கள் இதை எழுதும்போது உள்ளவை, அனுப்பும் முன் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்பும் நிலக் கோப்பும் வர மாதக்கணக்கில் ஆகலாம், குடியேற்றத் துறை அதைவிடவும் இழுக்கும். எனவே எண்கள் கையில் கிடைத்த அன்றே இவற்றுக்குப் பணம் கட்டிவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் நாளிதழ்களையும் வரிப் பட்டியல்களையும் பார்க்கலாம். வயதானவர்களிடம் பேச வேண்டியதை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரக் கடைசியிலேயே பேசுங்கள்.